பங்கு போட முடியாத மாத்திரை

லோகு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கப் பேனா ஓடவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நைனா நலமாக இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதை அரக்கோணத்தில் உன் சிநேகிதனின் சைக்கிள் கடை வாசலில் நின்றுகொண்டு படிக்காதே. உன் சிநேகிதன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "இன்னாடா, சின்னம்மா இன்னா எழுதிக்கீறாங்க?" என்று கேட்பான். நீயும் "சும்மாதான், ஊர் சமாச்சாரம்" என்று மடித்துப் பையில் போட்டுக்கொள்வாய். இதில் ஊர் சமாச்சாரம் ஒரு வரிகூட இல்லை. எங்காவது தனியாகப் போய் உட்கார்ந்து கடைசி வரை படி.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நீ தங்கியிருக்கிற உன் சிநேகிதன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அது படுக்கிற கூடத்தில் நீ படுக்கக் கூடாது. கடைக்குப் பின்னால் கொட்டகை இருக்கிறதாமே, அங்கே படுத்துக்கொள். கொசு கடித்தால் கடிக்கட்டும். இருமல் வந்தால் துண்டை வாயில் வைத்துக்கொள். மூடி போட்ட டப்பா ஒன்றில் துப்பி, அன்றன்றைக்கு எரித்துவிடு. ரயில் பாதை ஓரம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று மண்ணில் துப்பிவிட்டு வராதே. குழந்தையைத் தூக்காதே. ஏன் தூக்கவில்லை என்று அவன் மனைவி கேட்டால், நெஞ்சில் சளி என்று சொல்லிவிடு. இதையெல்லாம் நைனாவுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. இப்போது உனக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு ஆண்கள், இரண்டு பேருக்கும் காது இருக்கிறது, இரண்டும் அலங்காரத்துக்கு.

நைனாவுக்கு இரண்டாம் தாரமாக நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஒன்றாம் வகுப்பு. உனக்கும் எனக்கும் இருக்கிற வயது வித்தியாசம் மூத்த அக்காவுக்கும் கடைக்குட்டித் தம்பிக்கும் இருக்கக்கூடியதுதான். ஆகையால் உன்னிடம் அதட்டிப் பேச எனக்கு எப்போதும் கூச்சம். பொதுவாகவே நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பஜாருக்குப் பின்னால் வாடகைக்குப் புத்தகம் தருகிற கடையில் நான் எடுத்து வராத புத்தகம் குறைவு. தறிக்கு வேண்டிய நூலைத் தார்க் குச்சியில் சுற்றி முடித்த பிறகு ஒரு மூலையில் படித்துக்கொண்டிருந்தால் எனக்குப் போதும். நைனாவும் அதைத் தடுத்ததில்லை. "எம் பொண்டாட்டி ஜட்ஜு ஆவப் போறா" என்று நெசவுக்கார நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார், அவ்வளவுதான். இப்படி வாய் திறக்காமல் இருந்தவளை நீங்கள் இருவரும் சேர்ந்து தெருவில் நின்று கத்துகிறவளாக ஆக்கிவிட்டீர்கள். அதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம்.

நான் படித்த கதைகளில் காசநோய் வந்தவர்கள் அழகாக இருமுவார்கள். வெளுத்த முகம், பெரிய கண்கள், கைக்குட்டையில் ஒரு சொட்டு ரத்தம், ஜன்னலுக்கு வெளியே நிலா. அதை எழுதியவர்களில் ஒருவராவது காசநோய்க்காரனின் எச்சில் டப்பாவைக் கழுவியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். சென்ற ஆடி மாதம், மலைக்குக் காவடி ஏறுகிற கூட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வழி கிடைக்காமல், நைனாவைக் கைத்தாங்கலாகச் சந்து சந்தாக நீயும் நானும் நடத்திக்கொண்டு போனோமே, அன்றிலிருந்து எனக்குக் கதை மறந்துபோயிற்று. தினமும் காலையில் ஊசிக்கு அழைத்துப் போவது, ஊசி போட்ட இடம் கல்லாக வீங்கினால் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, காதுக்குள் வண்டு ரீங்காரமிடுகிறது என்றால் ஓடிப் போய்ச் சிஸ்டரிடம் சொல்வது, இரவில் நனைந்த பாயையும் போர்வையையும் விடிந்ததும் வெயிலில் போடுவது, சளி டப்பாவை உமியில் போட்டுக் கொளுத்துவது. குமட்டுகிறது என்று சோற்றைத் தள்ளுகிற மனிதருக்கு முட்டையைக் கஞ்சியில் மறைத்து ஊட்டியிருக்கிறேன். கண்டுபிடித்துவிட்டால் அவர் கிண்ணத்தில் பாதியை உனக்கு எடுத்து வைத்துவிடுவார். நீ தறியில் இருந்தபடியே, "வேணாம் நைனா" என்பாய், பிறகு சாப்பிட்டும்விடுவாய்.

தட்டும் டம்ளரும் தனியாக வைக்க வேண்டுமா என்று கேட்டபோது டாக்டர் கையை உதறினார். "தட்டுல ஒண்ணும் வராதும்மா. அவர் இருமற காத்துலதான் வரும். காத்தோட்டமா வெச்சுக்க, ஜன்னலத் தொறந்து வை" என்றார். ஜன்னலைத் திற என்பது அவருக்குச் சுலபம். நம் வீட்டில் தறி ஓடும்போது ஜன்னலைத் திறப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவருக்கு என்ன தெரியும்? காற்று பட்டால் பாவு காய்ந்து இழை அறும் என்று, ஈரம் கட்டிய இருட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தீர்கள் அப்பாவும் பிள்ளையும். நான் போய்த் திறப்பேன். அடுத்த நிமிஷம் குரல் வரும்.

"ஏம்மே, எவ தெறந்தா ஜன்னல?"

"நாந்தான்."

"இழ அறுந்துகினே கீது. நீயா வந்து முடிச்சு போடுவ?"

"நூலு அறுந்தா முடிச்சு போடலாங்க. நுரையீரல் அறுந்தா யார் வந்து முடிச்சு போடறது?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்துவிட்டு எழுந்து போய் ஜன்னல் கதவைப் பாதியாகச் சாத்தினாய். "இந்தா, ஒனக்கும் வேணாம், அவருக்கும் வேணாம், பாதி" என்றாய். அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது யோசித்தால் உங்கள் இருவருக்கும் எந்தக் கஷ்டத்துக்கும் கையில் இருக்கிற ஒரே மருந்து இந்தப் பாதிதான். நைனா அம்மையார்குப்பத்துக்குச் சேலை கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரும்போது தனக்கு வாங்கிய வடையைக்கூட முழுதாகத் தின்று வந்ததில்லை. பாதியைக் காகிதத்தில் மடித்து உனக்குக் கொண்டு வருவார். நீ அவர் பீடியில் பாதி கேட்காத குறைதான். பாதி ஜன்னல் வழியாகப் பாதிக் காற்று வந்தது. மீதிக் காற்று அவர் இருமியது. அதை நீ மூச்சில் இழுத்தாய்.

அந்தச் சிவப்பு மாத்திரை வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். புதிதாக வந்திருக்கிறது, எல்லாருக்கும் கிடைப்பதில்லை, உங்களுக்கு எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் தவறாமல் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார்: "மூத்திரம் செவப்பாப் போவும், பயந்துடாதீங்க. செவப்பாப் போனாத்தான் மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம். வேர்வகூட லேசா செவக்கும்." தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்ட மனிதர் மறுநாள் கொல்லையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஏம்மே, நான் போய்ட்டேன். ரத்தமாப் போவுது" என்றார். நான் ஞாபகப்படுத்திய பிறகு பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. "லோகு, வந்து பார்றா, சாயப்பட்டறை கணக்காப் போவுது" என்று உன்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீ போய்ப் பார்த்துவிட்டும் வந்தாய். வெட்கம் கெட்டவர்கள் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த மாத்திரைக்கு இப்படி ஒரு அடையாளம் உண்டு என்று நம் மூவருக்கும் அன்றைக்கே தெரியும். அதற்குப் பிறகும் மறைத்துவிடலாம் என்று நினைத்தீர்களே, அந்தத் துணிச்சல்தான் எனக்குப் புரியவில்லை.

முதலில் நைனாவுக்கு உடம்பு தேறியது. பசி எடுத்தது, இரவு வியர்வை நின்றது. பிறகு தேய ஆரம்பித்தது. சளியைப் பார்த்தார்கள், கிருமி இருந்தது. மறுபடி பார்த்தார்கள், இன்னும் இருந்தது. டாக்டர் என்னைத்தான் கேட்டார். "ஒழுங்காத்தான் போடறாராம்மா? நீதான குடுக்கற?" "ஆங், விடிஞ்சதும் போட்டுக்கறாருங்க" என்றேன். அந்த நேரத்தில் நான் தெருக் குழாயில் குடத்தோடு வரிசையில் நிற்பேன் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தினசரி ஊசி அப்போது நின்றிருந்தது; ஆஸ்பத்திரியில் மூத்திரம் பார்க்கிற நாளில் நைனாவுடையது நல்ல சிவப்பாகத்தான் இருக்கும். மாத்திரை உள்ளே போகிறது, நோய் மட்டும் போகவில்லை. இது என்ன கூத்து என்று டாக்டருக்கும் சிஸ்டருக்கும் எனக்கும் குழப்பம். முட்டை போதவில்லையோ, கஞ்சி போதவில்லையோ என்று நான் அடுப்பங்கரையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெசவு வீட்டில் கறை படாத துணி ஏது? சிவப்பு நூல் ஓடிய மாதம் உன் வேட்டியில் செம்மஞ்சளாகக் கறை பார்த்தேன். சாயம் போட்டவனைத் திட்டிக்கொண்டே சோப்புப் போட்டுக் கசக்கினேன். அடுத்த மாதமும் பார்த்தேன், கசக்கினேன். பிறகு அம்மையார்குப்பத்திலிருந்து பச்சை நூல் வந்தது. இரண்டு தறியிலும் பச்சை. வீடே பச்சை, உன் விரல் நகம் பச்சை, நான் பிழிந்த தண்ணீர் பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே உன் வெள்ளை வேட்டியில் அதே செம்மஞ்சள் கறை. பக்கத்தில் நைனாவின் வேட்டி கிடந்தது. இரண்டையும் துவைக்கிற கல்லின்மேல் விரித்துப் போட்டுப் பார்த்தேன். ஈரக் கையோடு அப்படியே தறி அறைக்கு வந்தேன். அன்றைக்கு நடந்ததை உனக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. ஆனால் நீ உன் சிநேகிதனிடம் "சின்னம்மா திட்டுனாங்க, வந்துட்டேன்" என்று சுருக்கமாகச் சொல்லியிருப்பாய் என்பதால் முழுதையும் எழுதுகிறேன்.

"இது யார் வேட்டி?" என்றேன்.

"என்துதான் சின்னம்மா. சாயம்."

"ரெண்டு தறியிலயும் பச்ச ஓடுது. செவப்பு எங்கேந்து வந்துச்சு?"

"உடேன்மே," என்றார் நைனா. "எங்கனா ஒட்டினு இருக்கும்."

"உங்க வேட்டியிலயும் அதே எடத்துலதான் ஒட்டினு கீது."

இரண்டு தறியும் நின்றுபோயின. நீ அந்தச் சமயம் பார்த்து இருமினாய். அடக்கப் பார்த்தாய், அடங்கவில்லை. அந்த இருமலை அதற்கு முன் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நைனாவோடு சேர்ந்து இருமினால் யாருடையது என்று தெரியாத மாதிரிதான் நீ பழகியிருந்தாய். நைனா தறியிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார்: "தைக்கு முன்னாடியே அவனுக்கு ரத்தம் வந்துச்சு, கெணத்தாண்ட. நான் பாத்தேன். ஒரு நாளு அவனுக்கு, ஒரு நாளு எனக்கு. இதுல இன்னா தப்பு? மருந்து வீட்ட உட்டா வெளிய போச்சு?"

மருந்து வீட்டை விட்டு வெளியே போகவில்லையாம். லோகு, எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. "ரெண்டு பேருக்கும் ரெண்டு சீட்டு போட்டா ரெண்டு பேருக்கும் முழுசாக் குடுப்பாங்களே, இனாமாத்தான குடுக்கறாங்க?" என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "குடுப்பாங்க சின்னம்மா. அப்பால ஆஸ்பத்திரி ஆளு சைக்கிள்ல வந்து வாசல்ல நின்னு 'லோகநாதன் யாரு'ன்னு கூவுவாரு. சாயங்காலத்துக்குள்ள கனகம்மாசத்திரத்துல பொண்ணு வூட்டுக்குச் சேதி போயிடும். அம்மா, நைனா, இப்ப நானு. ஒரே வூட்டுல மூணாவது ஆளுன்னா எவன் பொண்ணு குடுப்பான்?" சொல்லிவிட்டு நீ பையை எடுத்தாய். நைனா "போவாதடா" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியதால் அது உன் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் பயம் புரியாமல் இல்லை. உன்னைப் பெற்றவளைப் பற்றி நைனா என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. அவளுக்கும் இதே நோய்; அப்போது மருந்து என்றால் ஊசியும் பொடியும்தான். பொடி நாற்றம் தாங்காமல் அவள் வாந்தி எடுப்பாள். உடம்பு கொஞ்சம் தேறியதும் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன் பிறகு கிணற்றங்கரையில் உன் வாயிலிருந்து ரத்தம் விழுவதைப் பார்த்த மனிதர் என்ன செய்வார்? தன் கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நான் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். அன்பால் இப்படிக் காரியத்தைக் கெடுக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

நீ போன மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி சாவறதுன்னு பேசி முடிவு பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார். பிறகு கோபம் தணிந்து விளக்கினார். நான் புரிந்துகொண்ட மாதிரியே எழுதுகிறேன், கவனமாகப் படி. முழு மருந்து தினமும் போனால் கிருமி சாகும். ஒரு நாள் போய் ஒரு நாள் போகாவிட்டால் பலவீனமான கிருமி சாகும், பலசாலி பிழைக்கும். பிழைத்தது அந்த மருந்துக்குப் பழகிவிடும். பழகிய கிருமி பெருகினால் அப்புறம் முழு மாத்திரை போட்டாலும் அது அசையாது. இதற்கு மேல் கொடுக்க அவரிடம் பெரிதாக வேறொன்றும் இல்லை. நைனாவின் சளியைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள், இந்த மருந்து இன்னும் அவருக்குக் கேட்குமா என்று பார்க்க. பதில் வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மறுபடி ஊசியோடு சேர்த்து முழு அளவில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். "பையன உடனே கூட்டிட்டு வா. சின்ன வயசு, இப்ப ஆரம்பிச்சா புடிச்சுடலாம். அவனுக்கும் பழகிப் போச்சுன்னா என்னக் கேக்காத" என்றார். டாக்டர் உன்னைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் நீ கோபப்படுவாய். கோபப்படு. நான் கனகம்மாசத்திரம் போய் வந்துவிட்டேன். திருப்பதி பஸ்கள் வந்து நிற்கிற இடத்தில், உனக்குப் பேசி வைத்திருக்கிற விஜயாவின் அப்பா கடையில் இருந்தார். வாழைத்தாரைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டே "வாங்க சம்பந்தியம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். விஜயாவின் அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"வெத்தல பாக்கு மாத்திகினு இப்ப வந்து சொல்றீங்களேம்மா. பெத்தவளா இருந்தா இப்பிடி வந்து பையன் பேரக் கெடுப்பாளா?"

"பெத்தவ இதுலதாங்க செத்தா," என்றேன். "அதனாலதான் வந்தேன்."

விஜயா கடையின் பின்கட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அந்த மாத்திர போட்டா சரியாயிடுமாங்க?" என்று கேட்டாள். முழுசாகப் போட்டால் ஆகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார் என்றேன். "இனாமாத்தான் குடுக்கறாங்களா?" "ஆங்." "அப்ப அவரு ஏன் போய் வாங்கல?" உனக்காகத்தான், உன்னைக் கட்டிக்கொள்வதற்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் முகத்தைப் பார்த்தபிறகு சொல்லக் கூசியது. அவளே மறுபடி கேட்டாள்: "கல்யாணம் ஆயி எனக்கும் வந்திருந்தா, மூணாப் பிரிச்சிருப்பாங்களா? அத மட்டும் அவரக் கேட்டுச் சொல்லுங்க." கேட்டுவிட்டேன். பதிலை நீயே போய்ச் சொல்லிக்கொள். அவள் அப்பா சம்பந்தத்தை முறிக்கவில்லை, உறுதியும் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரில சீட்டு போட்டு மாத்திர வாங்கட்டும். மத்தது அப்பால பேசலாம்" என்றார். ஆக, நீ யாரிடமிருந்து மறைக்க நைனாவின் மாத்திரையைத் தின்றாயோ அவர்களுக்கு இப்போது தெரியும். நம் தெருவுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். குழாயடியில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் இரண்டு நாளாகக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறார்கள். வரிசை சீக்கிரம் நகர்கிறது. இனிமேல் நீ காப்பாற்ற வேண்டிய ரகசியம் என்று ஒன்று இல்லை. காப்பாற்ற வேண்டியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இப்போது நான் குழாய்க்கு முன்பாகவே எழுந்து, என் கையால் மாத்திரையை அவர் நாக்கில் வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கும்வரை நிற்கிறேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அவர் வேட்டியைத் துவைக்க எடுத்தபோது இடுப்பு முடிச்சில் ஏதோ பிசுபிசுத்தது. அவிழ்த்தேன். நீ போனதிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் கன்னத்தில் ஒதுக்கி, நான் திரும்பியதும் துப்பி எடுத்து முடிந்து வைத்திருக்கிறார். எல்லாம் வியர்வையில் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் நிறத்தில் ஒரு கட்டி. அது உனக்கும் ஆகாது, அவருக்கும் ஆகாது. "இது இன்னாங்க?" என்று கேட்டேன். களவு பிடிபட்டவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். "அவன் வந்தா குடுக்கலாம்னு" என்றார். "அவன் வர்ல இல்ல. வெறும் கையோட இருப்பான் பாவம்." நான் கத்தினேன், லோகு. எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்து, "அவன் அவனுக்குன்னு வாங்கிட்டான்னு சொல்லு, அப்பால நான் போட்டுக்கறேன்" என்றார். இன்று காலை மாத்திரையை நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டார். ஐம்பது வயது மனிதர், சின்னப் பிள்ளை மருந்துக்கு அடம்பிடிப்பதுபோல. கெஞ்சிப் பார்த்தேன். மிரட்டிப் பார்த்தேன். மூக்கைப் பிடிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை நெஞ்சு நோய்க்காரர்களைப் பார்க்கிற நாள். அரக்கோணத்திலிருந்து காலை முதல் வண்டியில் வா. எழுந்ததும் வருகிற சளியை வழியில் எங்கும் துப்பிவிடாதே. மூடிய டப்பாவில் கொண்டு வா, அதைத்தான் பார்ப்பார்கள். ஒன்றும் சாப்பிடாமல் வா. நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டால் நீயே சத்தமாகச் சொல். கண் மஞ்சளானாலும், உடம்பு அரித்தாலும், கால் மரத்தாலும் உடனே சொல்ல வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று உனக்குத் தோன்றுகிற நாளில்தான் இன்னும் ஜாக்கிரதையாகப் போட வேண்டும். அதைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் நேரில் சொல்லித் திட்டுகிறேன்.

நைனா எப்படி மாத்திரை போட்டுக்கொண்டார் என்று சொல்லி முடிக்கிறேன். வேறு வழி தெரியாமல், உன்னிடமிருந்து ஆள் வந்தது என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை வருகிறான், அவன் பெயரில் சீட்டு போட்டுக்கொள்ளப் போகிறான், அவனே சொல்லியனுப்பினான் என்றேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "சத்தியமா அவனே சொன்னானா?" என்றார். "ஆங்" என்றேன். கையை நீட்டி மாத்திரையை வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். நான் கேட்காமலே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு கன்னத்தையும் இழுத்துக் காட்டினார். சற்று முன் கொல்லைக்குப் போய்விட்டு வந்து, "செவப்புதாம்மே" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை வரை விழுங்குவார், லோகு. அதற்கு மேல் அவரிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

உன் சின்னம்மா